லென்சுக்கு முன்னால் அட்சதை

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் மாப்பிள்ளையும் தெரியமாட்டார், பெண்ணும் தெரியமாட்டாள். சிவப்பாக ஒரு தீற்றல் இருக்கும், அது என் கூறைப்புடவை. வெள்ளையாக ஒரு தீற்றல், அது என் வீட்டுக்காரரின் பட்டு வேட்டி. இரண்டுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு கோடு ஓடுகிறது. தாலிக்கயிறு என்று சொன்னால் நம்பலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தின் இடது ஓரத்திலிருந்து நடுப்பகுதிவரை, அந்தரத்தில் நிற்கின்றன அரிசி மணிகள். அவை மட்டும் அவ்வளவு துல்லியம். ஒவ்வொரு மணியிலும் மஞ்சள் எங்கே திட்டாகப் பிடித்திருக்கிறது, எங்கே வெள்ளையாகவே விட்டுப்போயிருக்கிறது என்பதுவரை பார்க்கலாம். அதில் முனை முறிந்த மணி ஒன்று உண்டு. அதை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் பார்க்கிறேனே.

புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தின்முன் ஒரு நிமிடம் நிற்காமல் போவதில்லை. ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தோளில் சிலிண்டரோடு நின்று பார்த்துவிட்டு, "இது இன்னா படம்மா, பிரிண்ட் போட்டவன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். "என் கல்யாணப் படம்ணா. எங்க அக்கா எடுத்தது" என்றேன். அவர் சிலிண்டரை இறக்கி வைக்கப் போய்விட்டார். பாவம் என்று நினைத்திருப்பார். ஆனால் அதைச் சொல்லும்போது என் குரலில் எப்போதும் ஒரு மிடுக்கு வந்துவிடும், அன்றைக்கும் வந்தது.

எங்கள் அப்பா தென்மாவட்டத்திலிருந்து ஆவடிக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டுக்குள் அம்மா அப்பாவின் ஊர்ப்பேச்சு, வாசலைத் தாண்டினால் மெட்ராஸ் பேச்சு. நான் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் பேசக் கற்றுக்கொண்டேன். அக்கா மட்டும் முழுசாகத் தெருப்பக்கம் போய்விட்டாள். படிப்பு முடிந்ததும் ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கிற வேலைக்குப் போனாள். மற்றவர்கள் எடுத்துவந்த படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தவளுக்கு, இதைவிட நன்றாக நானே எடுப்பேனே என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிவிட்டால் அக்காவை நிறுத்த யாராலும் ஆகாது. கொஞ்ச நாளிலேயே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முகூர்த்தம் முகூர்த்தமாகக் கிளம்பிவிட்டாள்.

மண்டபங்களில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பெண் வீட்டுக்காரர்களே அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மணப்பெண் அலங்காரம் நடக்கிற அறைக்குள் கூச்சமில்லாமல் போய் நிற்க அவளால் முடியும். தலையில் பூவைத்து முடிக்கிற நேரத்தில் பெண்ணின் அம்மா திடீரென்று அழுவாளே, அந்தப் படம் அவள் ஆல்பத்தில் மட்டும்தான் இருக்கும். திருநின்றவூரிலிருந்து குமணன்சாவடிவரை அவளுக்கு ஆள் தெரியும். கல்யாணத்தைப் பற்றி அப்பா பேச்செடுத்தபோது, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "எனுக்கு வேணாம்பா. வாரத்துக்கு ரெண்டு கல்யாணம் பாத்துகினுதானே கீறேன், போதும்." அப்பா குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அப்பா விட்டார், உறவு விடுமா. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஊரிலிருந்து வந்த பெரியம்மா வீட்டுக்குள் காலை வைத்ததிலிருந்தே மூத்தவள் இருக்க இளையவளுக்கு என்று ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா கெட்டவர் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்குச் சில விஷயங்களில் பயம், அந்தப் பயத்தைச் சட்டமாகச் சொல்லிவிடுவார். "கல்யாணம் ஆகாத மூத்தவ மணவறைப் பக்கம் நிக்காண்டாம். அட்சதத் தட்டையும் தொடாண்டாம். இது சின்னவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். நான் சண்டைக்குப் போனேன். அக்காதான் என் கையைப் பிடித்து அடக்கினாள். "வுடுடி. நான் மணவறைல நிக்கல, கேமராகாரியா நிக்கிறேன். கேமராகாரிய யாரும் ஒதுங்குன்னு சொல்லமாட்டாங்க" என்றாள். அப்படித்தான் என் கல்யாணத்துக்கு அக்கா படமெடுத்தாள்.

கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்குத் தாலி கட்டுகிற படம்தான் பரீட்சை. மற்றதையெல்லாம் இன்னொரு தடவை சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் கெட்டிமேளம் கொட்டும், மண்டபமே எழுந்து நின்று அரிசியை வீசும். கேமராக்காரர்களுக்குப் பின்னாலிருந்தும் வீசுவார்கள். லென்சுக்கு எது பக்கத்தில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிற புத்தி. முகத்தை விட்டுவிட்டு அரிசிக்கு ஓடிவிடும். இதை அக்கா புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அரிசி வர்றதுக்கு முன்னாடியே மூஞ்சில ஃபோகஸ் வெச்சிடு. பட்டன பாதி அமுக்கின வெரல எடுக்காத. இடது கை லென்சுக்கு அடியிலயே இர்க்கணும், மேல இடியே வுழுந்தாலும் கைய எடுக்காத." இவ்வளவு தெரிந்தவள் எடுத்த படம்தான் எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது.

குமணன்சாவடி மண்டபத்தில் நடந்த கல்யாணம் அது. மறுவீடு எல்லாம் முடிந்து நான் அம்மா வீட்டுக்கு வந்தபோது, அக்கா கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திரையை மறைக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் அவள் எடுத்தது வரிசையாக ஐந்தாறு படங்கள். ஒன்றிலும் எங்கள் முகம் இல்லை. பெரியம்மா எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார். "அதுக்குத்தான் ஒரு ஆம்பள ஆளா பாத்து வைங்கன்னு சொன்னேன். கேட்டியளா?" என்றார். அக்கா திரும்பவே இல்லை. "லென்ஸ் அரிசியப் புடிச்சிருச்சி" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சட்டமிட்டு மாட்டியது நான். முதலில் பெரியம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் செய்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி தாலி கட்டுகிற படம் இருக்கிறது, எங்கள் வீட்டில் இருப்பது போல வேறு யார் வீட்டிலும் இல்லை. அக்காவுக்குத்தான் அது ஆகவில்லை. வருகிறபோதெல்லாம் "அத்தக் கழட்டேன்டி" என்பாள். நான் கழற்றமாட்டேன் என்று தெரிந்ததும், சோபாவில் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தாள். டிவியில் என்ன ஓடினாலும் அவளுக்குக் காது மட்டும்தான்.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அக்கா அதற்குப் பிறகு தாலி கட்டுகிற படத்தை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடையின் நடுவிலிருந்து நழுவி ஓரத்துக்குப் போய்விடுவாள். அந்த ஒரு படத்துக்காகவே இன்னொரு கேமராக்காரரை வரவழைத்து நடுவில் நிறுத்துவாள். அவள் ஓரத்தில் நின்று அம்மாக்களின் முகங்களை எடுப்பாள். அவை அருமையான படங்கள்தான். ஆனால் ஆல்பத்தின் நடுப்பக்கம், எல்லோரும் முதலில் புரட்டிப் பார்க்கிற பக்கம், வேறொருவர் கையால் எடுத்தது. ஆவடி வட்டாரத்தில் அவளுக்கு நிகராக ஆள் இல்லை என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அவளோ அவளுடைய தொழிலின் நடுவிடத்தில் நிற்காமல் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நந்தம்பாக்கத்தில் வருடந்தோறும் புகைப்படத் தொழில்காரர்களுக்கான கண்காட்சி நடக்கும். அக்கா அதற்கு ஒரு வருடமும் தவறியதில்லை, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. லென்சுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் அந்தக் கண்காட்சி எனக்குப் பிடிக்கும். கரூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் விடிகாலை பஸ்ஸில் வந்திறங்கி, முகம் கழுவி, நேராக வரிசையில் வந்து நிற்பார்கள். ஆல்பம் அச்சடிக்கிற இயந்திரங்களைச் சுற்றி ஒரு கூட்டம், பறக்கிற கேமராக்களை அண்ணாந்து பார்த்து ஒரு கூட்டம். அத்தனை கேமராக்காரர்களை ஒரே இடத்தில் பார்த்தால், யார் யாரைப் படமெடுப்பது என்று எனக்குச் சிரிப்பு வரும்.

அக்கா எதிலும் நிற்காமல் நேராக லென்ஸ் கம்பெனிகளின் அரங்குகளுக்குப் போவாள். அங்கேதான் இன்னும் கடைக்கு வராத லென்சுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். 'விரைவில்' என்று ஒரு சின்னப் பலகை இருக்கும். சிலவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவும் தருவார்கள், ஆனால் மேஜையோடு சேர்த்து இரும்புக் கம்பியால் கட்டியிருப்பார்கள். மற்றவர்கள் அதை வாங்கி, எதிரே விளக்குகளுக்கு நடுவில் மணப்பெண் வேடத்தில் நிற்கும் பெண்ணைப் படமெடுத்துவிட்டு நகர்வார்கள். அக்கா கேமராவைக் கையில் வாங்கியதும் என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். நான் அவளுடைய பையின் லென்ஸ் வைக்கிற அறைக்குள் கையை விட்டு, மஞ்சள் அரிசிப் பொட்டலத்தை எடுத்து, ஒரு பிடி அள்ளி அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் வீசுவேன்.

முதல் வருடம் ஒரு கம்பெனிக்காரர் பதறிப்போனார். "மேடம், கார்பெட்டு, கார்பெட்டு" என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா அவரைக் கண்டுகொள்ளாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மூஞ்ச வுட்டுட்டு அரிசிக்கு ஓடுது, தேறாது" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவர்களுடைய விளம்பரத் தாளையே முறமாக்கி, குனிந்து ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளினாள். அட்சதை காலில் மிதிபடக் கூடாதாம். அடுத்தடுத்த வருடங்களில் அவள் பெயரே அரிசி அக்கா என்றாகிவிட்டது. வாசலில் பையைச் சோதிக்கிற காவலாளிகூட, "இன்னாமா, இந்த வாட்டியாவது லென்ஸ் பாஸாவுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். எந்த லென்சும் தேறவில்லை. எனக்கும் அவள் சொன்னதில் சந்தேகம் எழவில்லை. குற்றம் லென்சுடையது, நல்ல லென்ஸ் ஒன்று வந்துவிட்டால் அக்கா மறுபடி நடுவில் வந்து நிற்பாள் என்று நானும் காத்திருந்தேன்.

போன வருடக் கண்காட்சிக்கு முன்னால், குறுக்கே எது வந்தாலும் கண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிற லென்ஸ் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அக்கா மாதக்கணக்கில் கைப்பேசியில் அதைப் பற்றியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காட்சி நெருங்கியதும் எனக்கு உத்தரவு வந்தது. "இந்த வாட்டி மாப்ளையையும் இட்டுனு வா. அந்த பொம்ம மாதிரி நிக்கிற பொண்ண வெச்சி ஒண்ணும் தெரியமாட்டேங்குது. ரெண்டு தல வேணும், பக்கத்து பக்கத்துல." என் வீட்டுக்காரர் லேத் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள், போரூர் தாண்டுவதற்குள் அரை நாள் ஆகிவிடும் போலிருந்தது. எதற்காகக் கூட்டிப்போகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி.

அந்த அரங்கில் கறுப்புச் சட்டை போட்ட கம்பெனி இளைஞர் ஒருவர் பொறுமையாக விதிகளைச் சொன்னார். "மேடம், இது இன்னும் மார்க்கெட்டுக்கே வராத பீஸ். எங்க கார்டுலதான் எடுக்கணும். ஸ்கிரீன்ல பாத்துட்டு அழிச்சிடணும், படம் வெளிய போவக்கூடாது." அக்கா சரி என்றாள். எங்கள் இருவரையும் விளக்குகளுக்கு நடுவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்து, என் கழுத்திலிருந்த பார்வையாளர் அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் நாடாவை மட்டும் உருவி, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். "மாப்ள, கட்டுங்க."

"அண்ணி, நெசமாவா?" என்றார் அவர். அன்றைக்கு முழுக்க அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

வரிசையில் நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தனை பேரும் கல்யாணம் பார்த்தே சாப்பிடுகிறவர்கள். அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்தாள். கறுப்புச் சட்டைக்காரர் ஏதோ சொல்ல வந்து, பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் அவர் கையிலும் கொஞ்சம் அரிசியைத் திணித்ததும் அதை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மதுரைக்காரர் ஒருவர் கைப்பேசியை எடுத்துத் தேடினார். வீடியோவில் சேர்ப்பதற்காக இவர்கள் எல்லாரும் கெட்டிமேளத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "மூணாவது முடிச்சுக்கு நாத்தனார் இல்லையே" என்று யாரோ கேட்க, "ரெண்டு முடிச்சே போதும், ஏற்கனவே கட்டினதுதான்" என்று அக்கா அங்கிருந்தே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கைப்பேசியில் கெட்டிமேளம் கொட்டியது. அவர் நாடாவைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். அரிசி வந்தது. கல்யாணத்தன்று பெரியவர்கள் சொன்னபடி தலையைக் குனிந்திருந்தேன், எதையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை நிமிர்ந்தேதான் இருந்தேன். எனக்கு நேரெதிரே அக்கா நின்றாள். கேமரா அவள் கண்ணை மறைத்திருந்தது. லென்சுக்கு அடியில் இருக்க வேண்டிய அவளுடைய இடது கை அங்கே இல்லை. அது மேலே எழுந்து, விரல்கள் விரிந்து, எங்களைப் பார்த்து அரிசியை வீசிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் கேமராவைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

படத்தைப் பார்க்க எல்லோரும் மேஜையைச் சுற்றி நெருங்கினார்கள். முகங்கள் இரண்டும் அவ்வளவு தெளிவு. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முடிச்சுப் போடுகிற மும்முரத்தில் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றும் இப்படித்தான் கடித்திருப்பாரோ என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. அரிசியெல்லாம் மஞ்சள் கோடுகளாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மதுரைக்காரர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். லென்ஸ் தேறிவிட்டது.

கறுப்புச் சட்டைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம். "சூப்பர் மேடம். ஆனா போடறதுக்குத்தான் இத்தினி பேர் இருந்தாங்களே, நீங்க ஏன் மேடம் கைய எடுத்துப் போட்டீங்க? கேமரா ஆடிடும்ல?"

அக்கா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. கொடுத்தது போகத் தனக்கென்று அவளும் கொஞ்சம் அள்ளி வைத்திருந்தாள் போல. "அன்னிக்கும் போட்டேன்" என்றாள்.

"என்னைக்குக்கா?" என்று கேட்டேன்.

"உன் கல்யாணத்துலதான். லென்ஸ் மேல தப்பே கெடியாது. தட்டு எங்கிட்ட வராதுன்னு தெரியும். காலைல நம்ப ஊட்டு அரிசி டின்னுலேர்ந்து ஒரு பிடி எடுத்து, மஞ்சத்தூள் போட்டுத் தேச்சி, லென்ஸ் பையில வெச்சிகினு வந்தேன். மேளம் கேட்டதும் கை தானா போயிருச்சி." உள்ளங்கை மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "தங்கச்சி கல்யாணத்துல அக்கா அரிசி போடாம எப்பிடிடீ நிக்கிறது?"

"இதை ஏன்க்கா இத்தனை வருசமா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா பெரியம்மா உன்ன வுட்டு வெக்குமா? உனுக்குத் தலவலி வந்தாக்கூட இந்த அரிசியாலதான்னு சொல்லும். பழி லென்ஸ் மேலயே போவட்டும்னு வுட்டுட்டேன். அப்பால எனுக்கே அந்த நேரம் வந்தா கை மேல நம்பிக்க இல்லாம பூட்ச்சி" என்றாள். பெரியம்மாவின் பேச்சு என்மேல் விழாமலிருக்க, ஊரார் தன் தொழிலைப் பழிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அரிசியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தது, அந்தக் கை மறுபடி எழுந்தாலும் தாங்குகிற லென்ஸ் ஒன்று உலகத்தில் வருமா என்று பார்க்கத்தான். நானோ பக்கத்திலேயே நின்று அரிசி வீசிக்கொண்டிருந்தேன், இதில் பாதிகூட எனக்குப் புரிந்ததில்லை. அந்த இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் கேமராவும் இரும்புக் கம்பியும் நடுவில் இருந்தன.

கறுப்புச் சட்டைக்காரர் தயங்கித் தயங்கி, "மேடம், சாரி, அத..." என்று இழுத்தார். படத்தை அழிக்க வேண்டும். மதுரைக்காரர் அவரிடம் எங்களுக்காக வாதாடிப் பார்த்தார், இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள், பாவம் என்றார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். இன்னொரு தடவை எங்கள் முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள், என் வீட்டுக்காரரின் நாக்கு நுனியைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அவளே பட்டனை அமுக்கி அழித்தாள். திரை கறுப்பானது. "நல்ல லென்ஸ்பா. கம்பெனில சொல்லு" என்று கறுப்புச் சட்டைக்காரரின் தோளில் தட்டிவிட்டு, விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் குனிந்தார்கள். அவ்வளவு கேமராக்காரர்கள் மண்டியிட்டு அரிசி பொறுக்கியதை யாரும் படமெடுக்கவில்லை.

அந்த லென்ஸ் பிறகு கடைக்கு வந்தது. நான் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அக்கா வாங்கவில்லை. கண்காட்சிக்கு அடுத்து வந்த முகூர்த்தத்தில், திருநின்றவூரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளத்துக்கு முன்னால் அவள் ஓரத்துக்குப் போகவில்லையாம். நடுவில் நின்ற கேமராக்காரரிடம், "அண்ணாத்தே, நீ அம்மாங்கள எடு, நான் இங்க கீறேன்" என்று சொல்லிவிட்டு, தன் பழைய லென்சோடு அங்கே நின்றுவிட்டாள். அன்று மாலையே அந்தப் படம் என் கைப்பேசிக்கு வந்தது. யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை. இரண்டு முகங்களும் தெளிவாக இருந்தன. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரிலிருந்து வாசலில் இருந்த காவலாளிவரை எல்லோருக்கும் அதைக் காட்டினேன். உங்கள் சொந்தக்காரர்களா என்று கேட்டார்கள். எடுத்தவள் சொந்தம் என்றேன்.

இந்த வருடமும் கண்காட்சிக்குப் போனோம். வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி ஏமாந்துவிட்டார். "இன்னாமா, அரிசி எங்க?" என்று கேட்டார். "ஊட்லயே கீதுண்ணா, இனிமே சோறுதான் ஆக்கணும்" என்றாள் அக்கா. உள்ளே போய், வரப்போகிற லென்சுகளை மற்றவர்களைப் போலவே எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தாள். போன மாதம் பூந்தமல்லியில் பெரியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். படமெடுக்க அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அட்சதைத் தட்டை ஏந்திக்கொண்டு வந்த பெரியம்மா, மேடையின் நடுவில் நின்ற அக்காவுக்கு எதிரே ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை அவள் பக்கம் நீட்டினார். அக்கா ஒரு பிடி எடுத்தாள், என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். "எனுக்கும் சேத்து நீ போடு. எனுக்கு இங்க வேல கீது" என்றாள். மேளம் கொட்டியபோது நான் இரண்டு கைகளாலும் போட்டேன். அவளுடைய இடது கை லென்சுக்கு அடியிலேயே இருந்தது.

எங்கள் கூடத்துப் படத்தை நான் கழற்றவில்லை, இனிமேல் கழற்றவும் போவதில்லை. அட்சதைக்கு முனை முறியாத அரிசியாகத்தான் பொறுக்கி எடுப்பார்கள். முனை முறிந்த அந்த மணி எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். திட்டுத் திட்டாகப் பிடித்த மஞ்சள் யார் அவசர அவசரமாகத் தேய்த்தது என்பதும் தெரியும். மண்டபம் முழுக்க வீசிய அரிசியில், லென்ஸ் அவள் வீசியதை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. என் கல்யாணத்தில் தட்டுப் போகாத ஒருத்தியின் ஆசீர்வாதம்தான் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அக்கா இப்போதெல்லாம் சோபாவில் படத்தைப் பார்த்தாற்போல உட்காருகிறாள். போன வாரம் அவள் வந்திருந்தபோது அதே சிலிண்டர்காரர் வந்தார். போகிற போக்கில் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் இந்தப் படத்த மாத்தலியாமா? இது இன்னா படம்னே புரியல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னாள்: "அது நான் என் தங்கச்சிக்கு அரிசி போட்ட படம்ணா."